முத்துமணி கடைந்த வால்வு

முத்துமணியோடு சண்டை போடாதவர்கள் போர்ட் பிளேரில் இரண்டு வகைதான். அவள் கடைப் பக்கமே போகாதவர்கள் ஒரு வகை. போன மறுநாளே கப்பலேறி மெயின்லாண்டுக்குத் திரும்பிவிட்டவர்கள் இன்னொரு வகை. டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான் இருந்தது. என் கோழி அவள் பக்கம் போய்க் கீரையைக் கிளறிவிட்டதென்று ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஏழு மாதமும் நிம்மதியாக இருந்தது என்று நான் யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு எட்டியதும், அதற்காகவே மறுபடி பேச ஆரம்பித்தாள்.

அவள் தூத்துக்குடிக்காரி. 1957இல் கணவன் ஜெகநாதனோடு கப்பலில் வந்து இறங்கினாள். அவன் ஃபிட்டர். சில வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு அபர்தீன் பஜாரில் சொந்தமாகக் கடை போட்டான். முன்பக்கம் லாரிக்கும் லாஞ்ச் என்கிற மோட்டார் படகுக்குமான ஸ்பேர் பார்ட்ஸ். பின்பக்கம் இரும்பு கடைகிற ஒரு லேத். அறுபத்தேழில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் இறந்துபோனான். பிள்ளைகள் இல்லை. தூத்துக்குடியிலிருந்து அண்ணன் அடுத்த கப்பலில் வந்தார். தங்கையைக் கூட்டிப் போக வந்ததாகச் சொன்னவர், அதற்குள் லேத்தை வாங்க ஓர் ஆளையும் பார்த்து வைத்திருந்தார்.

"அண்ணன் வந்தது தங்கச்சியப் பாக்கவா, லேத்தைப் பாக்கவா?" என்று கேட்டாளாம். வந்த கப்பல் திரும்புவதற்குள் அவர் அதில் ஏறிவிட்டார்.

ஜெகநாதன் கடையும்போது பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றியவள் அவள்தான். பார்த்துப் பார்த்துத் தெரிந்ததை இப்போது கையால் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் உடைந்த ஷாஃப்ட்டுகளையே கடைந்து கடைந்து குப்பையில் போட்டாள். இடது கையில் ஒரு விரல் நகம் போனது. எழுபது வாக்கில், அவள் கடைந்து கொடுத்தால் ஒரு நூல் கூடக் குறைய இராது என்று பெங்காலி படகுக்காரர்கள் முதல் மலையாளி லாரிக்காரர்கள் வரை சொன்னார்கள். சொல்லிவிட்டு, "லேக்கின் வாய்...", ஆனால் வாய்தான், என்று இழுப்பார்கள்.

அவளுக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது: நக்லி. இந்தத் தீவில் எந்தச் சாமானும் கப்பலில்தான் வர வேண்டும். கம்பெனியிலிருந்து முத்திரையோடு வந்தால் அது அஸ்லி. வேறு எங்கே செய்திருந்தாலும் நக்லி. நெய்க்கும் கைக்கடிகாரத்துக்கும் பிஸ்டனுக்கும் பஜாரில் இதே இரண்டு சொல்தான். "நக்லின்னா பொய்யி. நான் கடையிறது பொய்யா? கையில எடுத்துப் பாரும், கனக்குதா இல்லையா?" என்று அவள் பாய்வாள்.

அவளை நேருக்கு நேர் நின்று அந்தச் சொல்லால் அடித்தவன் கோவிந்தராஜ்.

கோவிந்தராஜ் ஒரு லாஞ்சில் இன்ஜின் டிரைவர். அவன் குடும்பம், வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்திலேயே இங்கே வந்தது. பாட்டனை மதுரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்களாம். வீட்டில் பேசுகிற தமிழில் பாதி இந்தி. நாற்பது வயது, ஒல்லி, வெள்ளை பனியன். இன்ஜினை வேறு யாரையும் துடைக்கவிட மாட்டான். கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தில் எழுத்து அவனுக்கு ஓடாது, படங்கள் மனப்பாடம். அந்தப் படத்தில் இல்லாத ஒரு நட்டுகூடத் தன் இன்ஜினில் இருக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

அந்த லாஞ்ச் காண்ட்ராக்டர் பக்தவத்சலத்துடையது. எழுபத்திரண்டில் கல்கத்தாவில் வாங்கிக் கொண்டுவந்தார். நீல் தீவுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகும். திரும்பும்போது பூசணியும் முட்டைக்கோஸும் ஏற்றி வரும். அதில் டர்போ இன்ஜின். புகை போகிற வேகத்திலேயே ஒரு சின்னக் காற்றாடி சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அதனால் மற்ற லாஞ்சுகள் மூன்று மணி நேரம் போகிற தூரத்தை இது இரண்டே மணியில் போய்விடும். ஆனால் ஓடுகிற வேகத்தில் சட்டென்று இன்ஜினைக் குறைத்தால், தள்ளின காற்றுக்குப் போக இடம் இருக்காது. திரும்பி வந்து காற்றாடியையே அறையும். அப்படி அறையாமல் இருக்க வழியில் ஒரு வால்வு. அழுத்தம் கூடினால் அது திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். கம்பெனி வைத்திருந்த வால்வு, விடுகிற காற்றை ஒரு பைப் வழியாகத் திரும்ப உறிஞ்சுகிற பக்கமே கொண்டுபோய்ச் சேர்க்கும். சத்தம் கேட்காது. ஆனால் அதன் உள்ளே இருந்தது ரப்பர் தோல்.

இந்த ஊர் உப்புக்கும் புழுக்கத்துக்கும் அந்த ரப்பர் ஒன்றரை வருஷம் கூடத் தாங்கவில்லை. எழுபத்துமூன்று ஜூனில் கிழிந்தது. கம்பெனிக்கு எழுதினால் புது வால்வு வர இரண்டு மாதம். மழைக்காலம், நீல் தீவில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. பக்தவத்சலம் கிழிந்த வால்வைத் துணியில் சுற்றிக்கொண்டு முத்துமணி கடைக்கு வந்தார்.

"முத்துமணியம்மா, வியாழக்கிழமை லாஞ்ச் கிளம்பணும். இதை மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

அவள் அதைப் பிரித்துப் போட்டு அளந்தாள். ரப்பரே வேண்டாம், பித்தளையில் பிஸ்டன் கடைந்து உள்ளே ஸ்பிரிங் வைத்தால் காலத்துக்கும் கிழியாது என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது. காற்றைத் திருப்பி அனுப்புகிற வளைவுப் பைப்புதான் தொல்லை. அதற்கு அச்சு எடுத்து வார்க்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் ஆகும். அதை விட்டுவிட்டாள். காற்று நேரே வெளியே போகட்டும், காற்றுதானே.

புதன்கிழமை காலையில் வால்வை வாங்கிப்போக கோவிந்தராஜ் வந்தான். கடையில் கூட்டம். அவன் வால்வைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பைப் கஹான்?"

"பைப் தேவையில்ல."

"கம்பெனி புக்குல பைப் இருக்கு. தேக்கோ தூத்துக்குடியம்மா, இது நக்லி மால். என் இன்ஜின்ல இது ஏறாது."

"ஓம்ம இன்ஜினா? காண்ட்ராக்டர் இன்ஜின்லா அது?"

"நான்தான் ஓட்டறேன். நடுக்கடல்ல நின்னா நீ வந்து தள்ளுவியா? லேத் சுத்தத் தெரிஞ்சா மிஸ்திரி ஆயிடுவாங்களா? புருஷன் செஞ்சது அஸ்லி. நீ செய்யறது பில்குல் நக்லி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை வெறியேற்றியது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"கைதி பரம்பரைக்கு அஸ்லி நக்லி பேச என்னய்யா யோக்கியதை? ஓம்ம தாத்தன் எதைக் களவாண்டுட்டு இங்க வந்தான்னு முதல்ல போயிக் கேட்டுட்டு வாரும்!"

சிரிப்பு நின்றது. இந்தத் தீவில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். பஞ்சாபியோ பர்மாக்காரனோ மலபாரியோ, எவன் பாட்டன் எதற்காக வந்தான் என்று இன்னொருவன் வாயைத் திறக்க மாட்டான். கோவிந்தராஜ் வால்வைக் கல்லாப் பலகையில் வைத்தான். வெளியே இறங்கிப் போனான்.

அன்று மாலை பக்தவத்சலமே வால்வை எடுத்துப் போய் அவன் கையில் கொடுத்து, மாட்டவில்லை என்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவன் மாட்டினான். மாட்டிய தேதியை லாக் புக்கில் எழுதி, கம்பெனி சாமான் இல்லை என்றும் இந்தியில் எழுதி வைத்தான்.

வால்வு வேலை செய்தது. கோவிந்தராஜுக்கு அதுவே பெரிய தலைவலியாகப் போயிற்று. படகு அணைகிற ஜெட்டியை நெருங்கும்போது வேகம் குறைத்தால் 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அரை மைலுக்குக் கேட்கும். நீல் தீவில் அந்தச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடி வந்தார்கள். பக்தவத்சலத்துக்குத் தலைகால் புரியவில்லை. வேறு எந்த முதலாளி லாஞ்சும் அப்படிச் சீறவில்லை. முத்துமணி ஒருநாள் வேலை மெனக்கெட்டு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய் நின்று கேட்டாள். லாஞ்ச் சீறிக்கொண்டு வந்தது. மேலே வந்த கோவிந்தராஜ் அவளைப் பார்த்தான். கடலில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

ஆகஸ்டில் கம்பெனி வால்வு வந்து சேர்ந்தது. மரப்பெட்டி, எண்ணெய்க் காகிதம், முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. கோவிந்தராஜ் ஸ்பானரோடு தயாராக நின்றான். பக்தவத்சலம் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஓடுறதை எதுக்குக் கழட்டணும்? சத்தத்துக்கே கூட்டம் வருதுப்பா." பெட்டியைக் கொண்டுபோய் முத்துமணி கடையிலேயே போட்டு, எவனாவது கேட்டால் விற்றுவிடச் சொன்னார். அவள் அதைக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி மேல் தட்டில் வைத்தாள். அஸ்லி தூங்குது, நக்லி ஓடுது என்று வருகிறவர்களிடம் காட்டினாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து கோவிந்தராஜ் வந்தான். உள்ளே ஏறவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அந்தப் பெட்டி வேணும்."

"மொதலாளி சொல்லட்டும்."

"அவர் சொல்ல மாட்டார். உன் வால்வு காத்தை மட்டும் துப்பல. எண்ணெயைத் துப்புது. இன்ஜின் ரூம் சுவர் பூரா கறுப்பு. எக்ஸாஸ்ட் மேல படுது. ஒருநாள் ஆக் லகேகா."

"ஆங், நெருப்புப் பிடிக்கும். ஓமக்கு என் வால்வைக் கழட்டணும். அதுக்கு ஒரு கதை."

"வியாழக்கிழமை லாஞ்ச் போகுது. தைரியம் இருந்தா வந்து பார். டிக்கெட் நான் எடுக்கறேன்."

"ஓம்ம டிக்கெட்டு எனக்கு எதுக்கு?"

வியாழக்கிழமை காலை சொந்த டிக்கெட்டில் ஏறினாள். காற்று அதிகம், கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. லாஞ்சில் இருபத்திரண்டு பேர். நீல் தீவுக் கரை கண்ணில் பட ஆரம்பித்ததும் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஜின் ரூமுக்கு இறங்கினாள். முன்பின் தெரியாத பெண் இறங்குவதைப் பார்த்து மேலே இருந்தவர்கள் கூப்பாடு போட்டார்கள்.

கீழே நிற்க முடியாத சூடு. அவன் சொன்னது பொய்யில்லை. அவள் வால்வுக்கு எதிரே இருந்த பலகை முழுக்க எண்ணெய் வியர்த்திருந்தது. சிவக்கச் சூடாகிற புகைக்குழாய் மேல் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. கம்பெனி வால்வாக இருந்தால் இந்த எண்ணெய் பைப் வழியாகவே உள்ளே போயிருக்கும். காற்றுதானே என்று தான் விட்ட அந்த இரண்டு நாள் வேலை சுவரில் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

பார்த்தவள் அதைச் சொல்லவில்லை. விரலால் எண்ணெயைத் தொட்டுக் காட்டினாள்.

"காத்துல எப்படிய்யா எண்ணெய் வரும்? எண்ணெயைத் தடுக்குத டர்போ சீல் தேஞ்சிருக்கு. அதைப் பாக்காம என் வால்வு மேல பழியப் போடுதீரா? இன்ஜினைத் தொடைச்சா மட்டும் போதுமா?"

கோவிந்தராஜ் லாக் புக்கை எடுத்து அவள் மூக்குக்கு நேரே விரித்தான். சீல் மாற்ற வேண்டும் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மூன்றுக்கும் கீழே பக்தவத்சலம் கையெழுத்து.

"படிக்கத் தெரியுமா? மூணு தடவை கேட்டேன். வரல. சீல் தேஞ்சாலும் பைப் இருந்தா சுவர்ல அடிக்காது. பைப் ஏன் வைக்கல? போல், சொல்லு!"

"வியாழக்கிழமைக்குள்ள வேணும்னு ஓம்ம மொதலாளிதான்..."

அப்போது மேலே சுக்கான் பிடித்திருந்த சாரங் மணி அடித்தார், வேகம் குறைக்க. எதிரே மீன்பிடிக்கிற டிங்கிப் படகு ஒன்று குறுக்கே வந்திருந்தது. சட்டென்று குறைக்க வேண்டியதாயிற்று. வால்வு சீறியது. சீறினது கண்ணுக்கே தெரிந்தது. புகைமாதிரி ஒரு எண்ணெய்த் தூவல் குழாய் மேல் போய் விழுந்தது. கயிறு முதலில் கங்கு மாதிரி சிவந்தது, பிறகு குப்பென்று பிடித்தது.

கோவிந்தராஜ் ஒரே பாய்ச்சலில் டீசலை அடைத்தான். முத்துமணி மூலையில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கினாள்.

"ஊத்தாதே! எண்ணெய் தெறிக்கும்! சாக்கை நனை!"

அவள் சாக்கை வாளியில் முக்கி அவனிடம் எறிந்தாள். அவன் குழாயைச் சாக்கால் அமுக்கினான். பின்பக்கம் கயிறு இன்னும் எரிந்தது. அங்கே அவன் கை எட்டவில்லை. அவள் இன்னொரு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிகிற கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிய்த்தெடுத்து வாளிக்குள் அமுக்கினாள். சாக்கு நழுவி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்துபோயிற்று. அவள் கத்தவில்லை, அவனைத் திட்டினாள். அவனும் இந்தியில் அவளைத் திட்டிக்கொண்டே அமுக்கினான். ஐந்து நிமிஷத்தில் நெருப்பு அடங்கியது. லாஞ்ச் இன்ஜின் இல்லாமல் அலையில் ஆடிக்கொண்டு நின்றது. மேலே பெண்களும் குழந்தைகளும் அழுதார்கள். குறுக்கே வந்த டிங்கிக்காரர்களே கரைக்குப் போய் இன்னொரு படகைக் கூட்டி வந்து இழுத்துப் போனார்கள். உயிர்ச் சேதம் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு பேர் பயணம் போன லாஞ்சில் தீ என்றால் விசாரணை இல்லாமல் விடுவார்களா? மரைன் ஹில்லில் ஓர் ஆபீசில் நான் அப்போது டைப்பிஸ்ட். விசாரணை எங்கள் ஆபீசில்தான் என்று முடிவானது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், மாலையில் பக்தவத்சலம் முத்துமணி வீட்டுக்கு வந்தார். தகர வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க வழியில்லை.

"கை எப்படி இருக்கும்மா?"

"இருக்கு."

"நான் சொல்றதைக் கேளு. வால்வு நல்ல வால்வு. டிரைவர்தான் அதைக் கழட்டி மாட்டிக் கெடுத்துட்டான். அவனுக்கு முதல்லேருந்தே பிடிக்கலைன்னு ஊருக்கே தெரியும். நீ அதை மட்டும் சொல்லு. உன் சாமானை இனிமே எவனும் நக்லின்னு சொல்ல மாட்டான். என் மூணு லாரி வேலையும் லாஞ்ச் வேலையும் உன் கடைக்குத்தான்."

"சீல் தேஞ்சுதே. அதை யாரு சொல்லுவா?"

"அதை எதுக்கு இழுக்கறே? உன் புருஷன் இருந்தா நான் இவ்வளவு பேச வேண்டியதே இல்லை. சொன்ன உடனே புரிஞ்சுக்குவார்."

ஒரு பித்தளைச் செம்பு முற்றத்தில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

"நான் கடைஞ்சது பொய்யில்லன்னு சொல்லதுக்கு என்னையே பொய் சொல்லச் சொல்லுதீரா? எந்திரிச்சு வெளிய போரும். என் புருஷன் பேரை எடுத்தா இந்த வெந்த கையாலேயே அறைவேன்."

அவர் போகும்போது வேலியோரம் என்னைப் பார்த்தார். நான் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன், ஏற்கெனவே பிழிந்த துண்டை.

விசாரணை அதிகாரி மெயின்லாண்டிலிருந்து வந்தவர். இந்தியில் கேட்டார், ஒருவர் தமிழில் சொன்னார், நான் டைப் அடித்தேன். கோவிந்தராஜ் சுவரோரம் நின்றான். தன் வேலை போய்விட்டது என்று தெரிந்துகொண்டு வந்தவன் மாதிரி இருந்தது. பக்தவத்சலம் முன் நாற்காலியில் இருந்தார்.

முத்துமணி கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாள்.

"வால்வு நான் செஞ்சது. அளவு சரி. ஸ்பிரிங் சரி. காத்தைத் திருப்பி அனுப்புத பைப் மட்டும் வைக்கல."

"யார் வைக்க வேண்டாம் என்று சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெண்டு நாள் வேலை மிச்சம்னு நானேதான் விட்டுட்டேன். கம்பெனி வால்வு என் கையில இருந்தது. அதுல பைப் இருந்ததைப் பாத்தேன். இந்த டிரைவரும் கடையில வந்து எங்கன்னு கேட்டாரு. நான் கேக்கல."

அதிகாரி குறித்துக்கொண்டார். "எண்ணெய் எப்படி வந்தது?"

"டர்போ சீல் தேய்ஞ்சு வந்தது. அவரு புத்தகத்துல மூணு தடவை எழுதியிருக்காரு. கீழே கையெழுத்துப் போட்டவரு அந்தா உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

லாக் புக்கை எடுத்து வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேள்விகள் பெரும்பாலும் முன் நாற்காலிக்குத்தான் போயின. சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். கம்பெனி வால்வும் புது சீலும் மாட்டும்வரை லாஞ்ச் ஆள் ஏற்றக் கூடாது. டிரைவர் மேல் குற்றமில்லை. முத்துமணி கடையில் ஆள் ஏறுகிற லாஞ்சுக்கு அதிகாரி பார்வையிடாமல் எந்தச் சாமானும் செய்யக் கூடாது. அந்தக் கடைசி வரியை டைப் அடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். "என்ன பாக்கீரு? ஒழுங்கா அடியும்" என்றாள்.

வெளியே மரைன் ஹில் இறக்கத்தில் கோவிந்தராஜ் போய்க்கொண்டிருந்தான். அவள் வேகமாக நடந்து அவனைப் பிடித்தாள். நான் ஃபைலோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"டிரைவரே. அன்னைக்குக் கடையில ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு."

அவன் நின்றான். "எந்த வார்த்தை?"

அவளால் அதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை.

"கடையில பத்துப் பேர் முன்னாடி சொன்னே. மாஃபி கேக்கறது மட்டும் ரோட்டோரத்துல, எவனும் இல்லாத இடத்துலயா? என் பாட்டன் இங்க காட்டை வெட்டித்தான் உங்க பஜாருக்கு இடம் வந்துச்சு. உள்ள நீ பேசினது எனக்காக இல்ல. உன் வால்வுக்காக. மாலும் ஹை, எனக்குத் தெரியும்."

அவன் போய்விட்டான். அவள் அங்கேயே நின்று, என் பக்கம் திரும்பி, ஒட்டுக் கேட்பதே பிழைப்பாகப் போய்விட்டதா என்று என்னைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவளுக்கு நன்றாக இல்லை. பக்தவத்சலம் மற்ற காண்ட்ராக்டர்களிடமும் சொல்லி வைத்தார். லாரிகள் கடையைத் தாண்டிப் போயின. ஜங்கிலிகாட்டில் புதிதாக வந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எல்லா வேலையும் போயிற்று. அவள் சௌல்தாரிப் பக்கம் விவசாயிகளின் பம்ப் செட்டுக்கு புஷ் வளையம் கடைந்து கொடுத்து ஓட்டினாள். கையில் தழும்பு இறுகி விரல்கள் முழுக்க மடங்கவில்லை. லேத்துக்கு முன்னால் நிற்கும்போது யாராவது வந்தால் வலியில் கடித்துக் குதறினாள்.

எழுபத்துநாலு பொங்கல் முடிந்த வாரம், ஒரு காலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனாள். கோவிந்தராஜ் லாஞ்சுக்கு டீசல் டிரம் ஏற்றிக்கொண்டிருந்தான். நீல் தீவுக்குப் போகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு நின்றது. என் மைத்துனி குடும்பத்தை ஏற்றிவிட நானும் அங்கே இருந்தேன்.

"ஏ டிரைவரே!" என்று கத்தினாள். ஜெட்டியே திரும்பியது. "பத்துப் பேரு வேணும்னீரே, இந்தா முப்பது பேரு நிக்காங்க. கேட்டுக்கிடுங்க எல்லாரும்! இவரு தாத்தனைப் பத்தி நான் கடையில வச்சுப் பேசினது தப்பு. அசிங்கமான பேச்சு. என் வாய் பேசினது. பைப் இல்லாதது பத்தி இவரு சொன்னதும் சரிதான். போதுமா?"

கேட்டவர்களுக்கு இது மன்னிப்பா புதுச் சண்டையா என்று விளங்கவில்லை. ஒரு பெங்காலிக் கிழவர் பயந்துபோய்த் தன் கூடையை நகர்த்திக்கொண்டார்.

கோவிந்தராஜ் டிரம்மைக் கீழே வைக்காமலே அவளைப் பார்த்தான்.

"கேட்டுச்சு. வழியை விடு, டிரம் கனக்குது."

அவள் ஒதுங்கினாள். அவன் ஏறிப் போனான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. கோவிந்தராஜ் அடுத்த வருஷமே பக்தவத்சலத்தை விட்டுவிட்டு அரசாங்க ஃபெரியில் சேர்ந்தான். விசாரணைக்குப் பிறகு மாட்டிய கம்பெனி வால்வின் ரப்பர் பதினாலு மாதத்தில் மறுபடி கிழிந்தது. அதற்குள் லாஞ்ச் வேறு கைக்குப் போயிருந்தது. புதிதாக வாங்கிய பெங்காலி முதலாளி நேரே முத்துமணி கடைக்கு வந்து, எது போடலாம், அஸ்லியா நீ செய்வதா என்று கேட்டார்.

"இங்க நின்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் இங்கனயா இருக்கு?" என்று அவரைத் திட்டிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தாள். நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். பித்தளை பிஸ்டனும் வார்த்த வளைவுப் பைப்புமாக ஒன்று செய்து, அதிகாரியை வரவழைத்துக் காட்டி, தன் கையாலேயே மாட்டினாள். அதில் சத்தம் வரவில்லை. சத்தம் வேண்டும் என்று அந்த முதலாளி கேட்டபோது, கழுத்தில் ஒரு மணியைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.